சந்தா எண் 2117

அத்தியாயம் 14

சிதம்பரத்திலிருந்து வந்த கடிதத்தைச் சிந்துஜா பிரித்துப் படித்தாள். படித்ததை நாலாக மடித்து அம்மா தைலம்மாளின் மடியில் வைத்தாள். எழுந்து போனாள். போன வாரம் அவளை அங்கேதான் விட்டிருந்தோம்.

அதற்கப்புறம் இரண்டு நாள் அவள் அம்மாவிடம் பேசவில்லை. பேங்குக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள், படுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை தைலம்மாள் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது சிந்துஜா அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"எவ்ளோ நாளா நடக்குது இது?"

"எது?"

"அண்ணன் பேருல நீ லெட்டர் எழுதறது."

"ரெண்டு வருசம் ஆவுது."

"எத்தினி லெட்டர்?"

"அச்சுல வந்தது பதினொண்ணு. வராதத நான் எண்ணல."

ரேஷன் கடையில் கார்டு நம்பர் கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள் தைலம்மாள். மகன் எழிலன் போனதிலிருந்து அவள் குரல் அப்படித்தான் இருந்தது. கை சுட்டால் எடுத்துக்கொள்வாள். சுட்டது என்று தோன்றாது.

"அவன் செத்துட்டாம்மா."

"தெரியும்."

"தெரிஞ்சிகிட்டே என்னாத்துக்கு அவன் பேரப் போடுற?"

"சந்தா அவன் பேருலதான இருக்குது? நம்பரும் பேரும் ஒண்ணா இருந்தாதான் லெட்டரப் போடுவாங்க. கடைசிப் பக்கத்துல கட்டம் கட்டிப் போட்டிருக்கான் பாரு."

சிந்துஜா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான்.

'நீலவேங்கை' என்று ஒரு படக்கதைப் பத்திரிகை, மாதம் ஒன்று. எழுபத்து நாலிலிருந்து நிற்காமல் வருகிறது. துறைமுகத்தில் பகலெல்லாம் குமாஸ்தா வேலை பார்க்கிற ஒருவன், பொழுது சாய்ந்தால் நீல முகமூடி மாட்டிக்கொண்டு ஊரைக் காப்பாற்றுவான். அந்த ரகசியம் அவன் தம்பி செங்கதிர் ஒருவனுக்குத்தான் தெரியும். எழிலன் எட்டாம் வகுப்பில் இதற்குச் சந்தா கட்டச் சொல்லி அழுதான். கட்டினார்கள். வேலைக்குப் போன பிறகு அவனே கட்டினான். சந்தா எண் 2117.

இரண்டாயிரத்து ஏழு பிப்ரவரியில், இருபத்தாறு வயதில், புதுச்சத்திரம் தாண்டி ஒரு லாரியின் பின்னால் எழிலனின் மோட்டார் பைக் போய் நின்றது.

அவன் அப்பா பஞ்சநாதன் கடலூர் முதுநகரில் தபால்காரர். விலாசதாரர் உயிரோடு இல்லையென்றால் உறையின் மேல் அதை எழுதி, தேதி போட்டு, அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார். முப்பது வருடத்தில் அப்படி எத்தனையோ உறைகளில் எழுதியிருக்கிறார். ஏப்ரலில் நானூறாவது சிறப்பிதழ் மகன் பேர் போட்டுத் தபால் கட்டோடு வந்தபோது அவர் பேனாவை எடுக்கவில்லை. பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"அவனுக்கு புக் வந்திருக்குது" என்றார்.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை இதைச் சொல்லுகிறார். மகனைப் பற்றி அவர் பேசுகிற ஒரே பேச்சு இதுதான். பேரைக்கூடச் சொல்வதில்லை.

அந்த நானூறாவது இதழில்தான் செங்கதிர் செத்துப்போனான்.

தைலம்மாளுக்குக் கதை என்றால் பேச்சுதான். படத்தைப் பார்க்கவே மாட்டாள். பேச்சு வட்டத்துக்குள் இருக்கிற எழுத்தை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள், யாரோ பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி கேட்கும். அந்த இதழில் தம்பியை அடக்கம் பண்ணிவிட்டு நீலவேங்கை வீட்டுக்கு வருகிறான். முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறான். தண்ணீர் குடிக்கிறான். நாய்க்குச் சோறு வைக்கிறான். நாலு பக்கம், ஒரு வட்டம்கூட இல்லை. யாரோ தன் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போய் வரைந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

அடுத்த மாதமே எழுதுகிற ஆள் மாறிவிட்டான். செங்கதிரின் அம்மா பேச ஆரம்பித்தாள், ஒன்றரைப் பக்கம். 'மகனே, உன்னைச் சுமந்த வயிறு எரிமலையாகிறது' என்று. தைலம்மாளுக்குக் கோபம் வந்தது. அந்த வருடம் முழுக்க அவளுக்கு வந்தது அது ஒன்றுதான். ஒரு இன்லண்டு லெட்டர் வாங்கி எழுதினாள்.

'ஆசிரியருக்கு. பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஒன்றரைப் பக்கம் பேசமாட்டாள். மிச்சம் இருக்கிறவர்களைப் பார்த்து, சாப்பிட்டீங்களா என்பாள். அதற்குமேல் அவளுக்கு வராது. எழுதுகிறவருக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவர்களிடம் கேட்கட்டும்.'

நானூற்று இரண்டாவது இதழில் அது வந்தது. கீழே, 'ப. எழிலன், கடலூர் முதுநகர்.'

அந்தப் பேரை அச்சில் பார்த்தாள். பிறகு நிறுத்த முடியவில்லை.

இந்த ஜூலையில் வந்த இதழின் கடைசிப் பக்கத்தில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் செங்கதிர். 'அன்று இறந்தது நானல்ல அண்ணா, என் முகம் பொருத்தப்பட்ட ஒற்றன்' என்கிறான். அண்ணன் கட்டிப்பிடித்துக்கொள்கிறான். தொடரும்.

தமிழ்நாடு முழுக்க வாசகர்கள் கொதித்துப்போனார்கள். சிதம்பரத்தில் இருக்கிற வாசகர் வட்டம் எல்லாருக்கும் எழுதியது. ஆகஸ்ட் இதழைப் பிரிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள். மொத்தமாகக் கட்டித் திருப்பி அனுப்புவோம், சந்தாவையும் நிறுத்துவோம். கடலூர் எழிலன் கட்டாயம் வரவேண்டும், முதல் கையெழுத்து அவருடையது.

ரேஷன் கார்டில் எழிலன் பேரை அடித்தாயிற்று. வோட்டர் லிஸ்டில் எடுத்தாயிற்று. அவன் பேர் போட்டு இந்த வீட்டுக்கு வருவது மாதம் ஒரு புத்தகம்தான். அதையும் நிறுத்தச் சொல்லி வந்திருந்தது கடிதம்.

"நேர்ல போயி உண்மையச் சொல்லிட்டு வந்துரலாம்" என்றாள் சிந்துஜா. "போவலன்னா அவுங்க எழிலனத் தேடிகிட்டு இங்க வருவாங்க. கதவத் தொறக்கறது அப்பாவா இருக்கும். நெனச்சுப் பாத்தியா?"

தைலம்மாள் நினைத்துப் பார்த்தாள். இட்லிப் பானையை மூடினாள்.

"புடவை மாத்திகிட்டு வரேன்."

பஞ்சநாதன் வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க, ரெண்டு பேரும்?"

"சிதம்பரம்பா. கோயிலுக்கு" என்றாள் சிந்துஜா.

"கோயிலுக்கா?" அவர் மனைவியைப் பார்த்தார். எழிலன் போன பிறகு தைலம்மாள் எந்தக் கோயிலுக்கும் போனதில்லை. ஆனால் அவர் அதைக் கேட்கவில்லை. "அவனுக்கு புக் வந்து மூணு நாள் ஆவுது. நீ இன்னும் பிரிக்கல."

"நேரம் இல்லிங்க."

"ம்."

"இட்லி மூடி வெச்சிருக்குது. சட்னி கிண்ணத்துல இருக்குது. மத்தியானத்துக்கு ரசம் சுட வெச்சிக்கிங்க."

"ம்."

புத்தகம் தன் கைப்பையில்தான் இருக்கிறது என்று தைலம்மாள் சொல்லவில்லை. எட்டரை மணிக்குக் கிளம்பினார்கள்.

ரயில் பாதையை அகலமாக்குகிறோம் என்று பிடுங்கிப்போட்டு மூன்று வருடமாகிறது. பஸ்தான். உட்கார இடம் கிடைத்தது. சிந்துஜா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள், வேண்டுமென்றேதான். புதுச்சத்திரம் நெருங்கியபோது அம்மாவுக்கு வெளியே தெரியாதபடி முன்னால் சாய்ந்துகொண்டாள்.

"மறைக்காத" என்றாள் தைலம்மாள். "எனக்கு ஒண்ணும் ஆவாது."

"பாக்காதம்மா."

"பாத்தாலும் ஒண்ணும் ஆவாது. அதான் சொல்றேன்."

இடம் வந்தது. ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, ஒரு மைல்கல். போயிற்று. சிந்துஜா கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தைலம்மாள் டிக்கெட்டை மடித்து வளையலுக்குள் செருகினாள்.

சிதம்பரம் கீழவீதிக்குப் பக்கத்தில் ஒரு சந்து. கீழே ஜெராக்ஸ் கடை, மேலே டுட்டோரியல். மாடிப்படியில் காலை வைக்கும்போதே சத்தம் கேட்டது.

"நூத்தி முப்பதாவது இதழ்ல நீலவேங்கைக்கு நீச்சல் தெரியாது சார். அதனாலதான் அவன் அப்பாவைக் காப்பாத்த முடியல. கதைக்கு அஸ்திவாரமே அதான். போன வருசம் கடலுக்கு அடியில அரை மணி நேரம் சண்டை போடறான்."

"கத்துகிட்டிருப்பான் மச்சான்."

"எப்ப கத்துகிட்டான்? எந்த இதழ்ல? நம்பர் சொல்லு."

"அதுவாவது பரவால்ல. அவன் அம்மா பேரு கனகம். இரநூத்திப் பத்துல கமலம். முந்நூறுல மறுபடி கனகம். நடுவுல என்னா, கெஜட்ல மாத்துனாங்களா?"

"வில்லன் நாலு தடவ செத்துட்டான்யா. அவனுக்குக் காரியம் பண்ணியே அவன் குடும்பம் நொடிச்சிருக்கும்."

சிரிப்பு. பெஞ்சுகளில் ஐம்பது பேருக்குமேல் இருந்தார்கள். கல்லூரிப் பையன்கள், சர்க்கார் ஆபீஸ் ஆட்கள், தலை நரைத்தவர்கள். எல்லார் மடியிலும் பிரிக்காத புத்தகம், காக்கிக் காகிதம் சுற்றியபடி. வாசலில் இரண்டு பெண்களைப் பார்த்ததும் சத்தம் அடங்கியது.

மேஜைக்குப் பின்னாலிருந்த பெரியவர் எழுந்தார். ராமாமிர்தம், ரிடையரான டிராயிங் மாஸ்டர், டுட்டோரியல் அவருடையது, வட்டமும் அவருடையது.

"வாங்கம்மா. யாரு?"

"கடலூர்" என்றாள் சிந்துஜா. "எழிலனோட..."

அதற்குமேல் அவளைப் பேச விடவில்லை. பெஞ்சுகள் நகர்ந்தன. நாற்காலி வந்தது. யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

"எழிலன் அம்மாவா? ஒக்காருங்கம்மா. அவரு பின்னாடி வராரா?"

"வண்டி நிறுத்த எடம் தேடறாருபோல."

"அம்மா, ஒங்க புள்ள எழுதன லெட்டர நான் வெட்டி ஒட்டி வெச்சிருக்கேன். 'நீலவேங்கை வாயத் தொறந்தா வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்குது'ன்னு எழுதனாரு பாருங்க. என் பொண்டாட்டி அதப் படிச்சிட்டு ஒரு நாள் பூரா சிரிச்சா."

தைலம்மாள் தண்ணீரைக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். சிந்துஜா அவள் முழங்கையைத் தொட்டாள். இப்போது சொல்லிவிடு என்று அர்த்தம். சொல்வதற்குள் ராமாமிர்தம் மேஜையைத் தட்டினார்.

"சரி, வேலயப் பாப்போம். எழிலன் வரட்டும், கையெழுத்து அப்புறம். திட்டக்குடிலேருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்காரு அறிவுமதி, அவரு பேசட்டும்."

உரக்கடை வைத்திருக்கிற ஆள், நாற்பது வயதிருக்கும். எழுந்து நின்று புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பேச வராதுங்க. செங்கதிரு செத்தப்ப நான் கடையச் சாத்திட்டுப் போயிட்டேன். பைத்தியமாய்யான்னு எங்க மாமா திட்டுனாரு. கதையில ஒருத்தன் செத்ததுக்கான்னு. அன்னிக்கி எனக்குக் கோவம் இல்ல. அழுதேன், சரியாப் போச்சு. இப்ப அவன் திரும்பி வந்துட்டானாம். அப்ப நான் அழுதது யாருக்கு? ஒற்றனுக்கா?"

யாரும் சிரிக்கவில்லை.

"செத்தவன செத்தவனா விடணுங்க. அதான் அவனுக்கு மரியாதை. புக்கு விக்கலன்னு திருப்பித் தூக்கிட்டு வந்து நிறுத்துனா, அவன் உயிரோட இருந்ததுக்கும் மதிப்பு இல்லாமப் போயிடுது. அவ்ளோதாங்க."

உட்கார்ந்தார். கைதட்டினார்கள். தைலம்மாளின் கையும் தட்டியது. தட்டுவதை அவளே கீழே பார்த்தாள்.

வட்டத்துச் செயலாளர் ஒரு பெண், சரண்யா, பி.எட். படிக்கிறவள். மனு எழுதிய நீளக் காகிதத்தை எடுத்துக்கொண்டு தைலம்மாளிடம் வந்தாள்.

"அம்மா, அண்ணன் வர லேட்டாவுமா? முதல் கையெழுத்து அவருக்குன்னு எடம் விட்டிருக்கோம். நீங்க வேணா அவருக்குப் பதிலா போட்டுடறீங்களா?"

இந்த இடத்தில் ஒரு கையெழுத்து போட்டால் போதும். இரண்டு வருடமாகப் போட்டதுதான். கைக்கு நன்றாகப் பழகியிருந்தது.

"அவன் வரமாட்டான்மா" என்றாள் தைலம்மாள்.

"ஏன், ஒடம்பு சரியில்லையா?"

"அவன் செத்து ரெண்டரை வருசம் ஆவுது."

சரண்யா சிந்துஜாவைப் பார்த்தாள். சிந்துஜா தலையசைத்தாள்.

"அப்ப லெட்டரு?" பின் பெஞ்சிலிருந்து யாரோ.

"நான் எழுதுனது."

"எல்லாமேவா?"

"நானூத்தி ரெண்டுலேருந்து. அதுக்கு முன்ன வந்ததெல்லாம் அவன்."

ராமாமிர்தம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மூணு கட்டம் படிச்சாப் போதும், எழுதறவன் மாறிட்டான்னு கண்டுபுடிச்சிடுவோம்னு பெருமையடிச்சிக்கிற ஆளுங்க நாங்க" என்றார். "முன்னெல்லாம் எழிலன் லெட்டர்னா சண்டையப் பத்தி இருக்கும், மோட்டார் பைக்கு தப்பா வரைஞ்சிருக்கான்னு இருக்கும். நடுவுல திடீர்னு எல்லாம் பேச்சப் பத்தி ஆயிட்டுது. யாரு எப்படிப் பேசுவா, எப்பப் பேசாம இருப்பான்னு. நாங்க கவனிக்காம இல்ல. பக்குவம் வந்துட்டுதுன்னு நெனச்சோம். நம்ம செல்வராசு, கல்யாணம் ஆயிருக்கும்னான்."

"ஆவல" என்றாள் தைலம்மாள். "பாத்துகிட்டிருந்தோம்."

அறிவுமதி மறுபடி எழுந்தார்.

"நான் ஒண்ணு கேக்கலாமாங்க? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க."

"செங்கதிரத் திருப்பிக் கொண்டாந்தானே, அந்தக் கதை எழுதறவன் பண்ணதும் நீங்க பண்ணதும் ஒண்ணுதானங்க?"

"சார்" என்றாள் சிந்துஜா. "அவுங்க அம்மா சார்."

"தெரியுதும்மா. எனக்குத் திட்டணும்னு இல்ல. நான் எழிலனுக்குத் தனியாவே லெட்டர் போடணும்னு இருந்தேன். என் வயசுல ஒரு சிநேகிதன்னு நெனச்சிகிட்டிருந்தேன்." புத்தகத்தை மார்பிலிருந்து இறக்கினார். "அதான் கேட்டேன்."

"ஒண்ணுதாங்க" என்றாள் தைலம்மாள். "அதே தப்புதான். அவன் புக்குல பண்ணான், நான் கடுதாசியில பண்ணேன்."

அறிவுமதி உட்கார்ந்துவிட்டார். தான் கேட்டதற்காகவே அவருக்குத் தலை குனிந்திருந்தது.

ராமாமிர்தம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அம்மா, நான் சொல்றத இவுங்க எல்லாம் ஒத்துக்குவாங்க. உங்க சந்தா அப்படியே இருக்கட்டும். நீங்க திருப்பவேணாம், மனுவுலயும் போடவேணாம். அந்தப் பேரு போட்டு மாசாமாசம் வரட்டும். இங்க நடந்தது இந்த ரூமத் தாண்டாது. என்னாப்பா?"

"ஆமா சார்" என்றார்கள். "அதான் சரி." "இருக்கட்டும்மா."

சிந்துஜாவுக்கு மூச்சு வந்தது. அம்மாவின் தோளில் கை வைத்தாள். "போலாம்மா."

தைலம்மாள் எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தாள். காக்கிச் சுற்றலின்மேல் டைப் அடித்த சீட்டு ஒட்டியிருந்தது. '2117, திரு. ப. எழிலன்.' உள்ளே செங்கதிர் உயிரோடு இருந்தான். அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பான். நானில்லாமல் எப்படி இருந்தாய் அண்ணா என்று ஒன்றரைப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பான்.

உள்ளே இருக்கிற பொய்யை அவளால் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. உள்ளே இருப்பதை விட்டுவிட்டு மேலே இருக்கிற பேரை மட்டும் உரித்து எடுத்துப்போகவும் முடியாது.

"பேனா குடும்மா" என்றாள் சரண்யாவிடம்.

"அம்மா" என்றாள் சிந்துஜா. "அப்பாகிட்ட என்னா சொல்லுவ? அடுத்த மாசம் அவரு என்னாத்தக் கொண்டாருவாரு?"

"தெரியல."

"யோசிச்சுப் பண்ணும்மா."

"யோசிச்சாப் பண்ண மாட்டேன்."

சரண்யா கறுப்பு ஸ்கெட்ச் பேனாவை நீட்டினாள். "'வாங்க மறுக்கிறேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்மா. எல்லாரும் அப்படித்தான் எழுதறோம்."

"அவன் மறுக்கலியே" என்றாள் தைலம்மாள். "அவன் இருந்தா திட்டிகிட்டே வாங்கிப் படிப்பான்."

வீட்டுக்காரர் எழுதி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். சீட்டின் இடது ஓரத்தில், கொஞ்சம் சாய்வாக, கீழே ஒரு கோடு. அதே மாதிரி எழுதினாள்.

'விலாசதாரர் இறந்துவிட்டார்.'

தேதி போட்டாள். மனுவில் முதல் கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் 'ப. தைலம்மாள்' என்று போட்டாள். புத்தகத்தைக் கொண்டுபோய் மேஜைமேலிருந்த அடுக்கில் வைத்தாள். அதற்குமேல் குறிஞ்சிப்பாடிக்காரர் ஒருவர் தன்னுடையதை வைத்தார். அதற்குமேல் அறிவுமதி. கொஞ்ச நேரத்தில் அவளுடையது எது என்று தெரியாமல் போயிற்று.

ஏதாவது ஆகும் என்று நின்று பார்த்தாள். நெஞ்சு அடைக்கும், கால் தளரும், கண்ணில் தண்ணீர் வரும் என்று. ஒன்றும் ஆகவில்லை. போண்டாவும் டீயும் வந்தன. சாப்பிட்டாள். போண்டாவில் உப்பு ஜாஸ்தி என்று மட்டும் தெரிந்தது.

"அடுத்த மாசம் வேற எதாவது புக்கப் புடிச்சித் திட்டுவோம்மா" என்றார் ராமாமிர்தம் வழியனுப்பும்போது. "நீங்க வரணும். உங்க பேருலயே."

"பாக்கலாங்க."

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். உச்சி வெயில். சிந்துஜா அம்மாவின் பையைத் தான் வாங்கிக்கொண்டாள். லேசாக இருந்தது.

ஸ்டாண்டு வாசலில் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். சரண்யா ஓடிவந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். அங்க எல்லார் முன்னாலயும் சொல்ல வேணாம்னு இருந்தேன்."

"சொல்லும்மா."

"காலைல நான் உங்க ஊட்டுக்கு போன் பண்ணேங்க. எழிலன் அண்ணன் கிளம்பிட்டாரான்னு கேக்கறதுக்கு. பழைய சந்தா லிஸ்ட்ல நம்பர் இருந்துது. ஒரு பெரியவரு எடுத்தாரு."

சிந்துஜாவின் கை அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தது.

"எழிலன் இருக்காருங்களான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், குளிச்சிகிட்டிருக்கான், பத்து நிமிசம் கழிச்சுப் பண்ணும்மான்னாரு."

தைலம்மாள் அவளுக்கு நேராகத் திரும்பி நின்றாள்.

"சும்மா சொல்ற மாதிரியே இல்லிங்க. சாதாரணமாதான் சொன்னாரு. அதான் நீங்க அங்க சொன்னப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டுது."

"மறுபடி பண்ணியா?" என்றாள் சிந்துஜா.

"பண்ணேன். இன்னும் குளிக்கிறான், அவன் எப்பவும் இப்படித்தான், நேரமாவும்னாரு. பின்னாடி பாத்ரூம்ல பைப்பு தொறந்து உட்டு தண்ணி விழற சத்தம் நல்லா கேட்டுது. நிசமாவே குளிக்கறாருன்னுதான் நெனச்சேன்."

எட்டரைக்கு இவர்கள் கிளம்பிய பிறகு அந்த வீட்டில் பஞ்சநாதனைத் தவிர யாரும் இல்லை.

"எத்தினி மணிக்குப் பண்ண?" என்றாள் தைலம்மாள். குரலில் என்னவோ மாறியிருந்தது. சிந்துஜா திரும்பிப் பார்த்தாள்.

"முதல்ல ஒன்பதே காலுக்கு. கடைசியாப் பண்ணப்ப பத்தரை இருக்கும். அப்பவும் தண்ணி விழுந்துகிட்டுதாங்க இருந்துது."

சிந்துஜா செல்போனில் வீட்டு நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்கலம்மா. மறுபடி பாக்கறேன்."

கடலூர் போகிற பஸ், ஸ்டாண்டை விட்டு வளைந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. கண்டக்டர் படியில் நின்று விசில் கொடுத்துவிட்டார்.

தைலம்மாள் ஓடி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. புடவையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.